சத்தியம் செய்து கொடுத்தால்…
வாசகர் கேள்வி – பதில்

வாக்கு, சத்தியம், உறுதிமொழி பற்றி வாசகர்கள் அனுப்பிய கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். சட்டம் சார்ந்தவற்றை எங்கள் சட்ட ஆலோசகரும், குடும்பம் சார்ந்தவற்றை மனநல ஆலோசகரும் எழுதியிருக்கிறார்கள். இரண்டும் கலந்து வந்த கடிதங்களுக்கு இருவரும் சேர்ந்து பதில் சொல்லியிருக்கிறார்கள்.

கேள்வி: இரண்டு ஆண்டுகளுக்கு முன் நெருங்கிய நண்பர் ஒருவருக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் கைமாற்றாகக் கொடுத்தேன். எழுத்து எதுவும் வாங்கவில்லை. கோயிலில் கற்பூரத்தை அணைத்து, "ஆறு மாசத்துல தந்துடுறேன்" என்று சத்தியம் செய்தார். இப்போது போனையே எடுப்பதில்லை. அந்தச் சத்தியம் கோர்ட்டில் செல்லுமா? (வாசகர், ஈரோடு)

பதில்: கற்பூரம் அணைத்ததற்குச் சட்டத்தில் தனி மதிப்பு எதுவும் கிடையாது. ஆனால், திருப்பித் தருவதாக அவர் சொன்னார், அதை நம்பி நீங்கள் பணம் கொடுத்தீர்கள். இது போதும். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி வாய்மொழி ஒப்பந்தமும் ஒப்பந்தம்தான். அதை எப்படி நிரூபிப்பது என்பதுதான் உங்கள் முன்னால் உள்ள வேலை.

முதலில் காலக்கெடுவைப் பாருங்கள். கைமாற்றுக் கடனுக்கு வழக்குப் போட மூன்று ஆண்டுதான் அவகாசம். ஆறு மாதத் தவணை சொன்னதால் அது முடிந்த நாளிலிருந்து எண்ணலாம் என்று வாதாட இடமுண்டு. ஆனால் அந்தத் தவணையையும் நீங்கள்தான் நிரூபிக்க வேண்டியிருக்கும். ஆகவே பணம் கொடுத்த நாளிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள். அப்படிப் பார்த்தால் உங்களுக்கு இன்னும் ஓராண்டு இருக்கிறது. அதை "இன்னொரு தடவை கேட்டுப் பார்ப்போம்" என்று கரைத்துவிடாதீர்கள்.

வங்கிக் கணக்கு வழியாகவோ போன் செயலி வழியாகவோ பணம் போயிருந்தால் அந்த மாதக் கணக்கு அறிக்கையை வங்கியிலிருந்து முத்திரையுடன் வாங்கி வையுங்கள். அவர் வாட்ஸ்அப்பில் "அடுத்த மாசம் தர்றேன்" என்று ஒரு வரி அனுப்பியிருந்தாலும் அது நல்ல சாட்சியம். அதைக் கோர்ட்டில் தாக்கல் செய்யும்போது, 2023-ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய சட்டம் 63-ஆவது பிரிவின்படி ஒரு சான்றிதழும் கொடுக்க வேண்டும். செய்தி இருக்கும் போனை விற்காதீர்கள், மாற்றாதீர்கள், அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் வைத்துக்கொண்டு போனைத் தொலைத்தவர்கள் பிறகு மிகவும் சிரமப்படுகிறார்கள்.

ரொக்கமாகக் கொடுத்திருந்தால் சாட்சி யார் என்று பார்க்க வேண்டும். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. அபராதம் விழுவது வாங்கியவர் மீது. இருந்தாலும் கொடுத்தவரிடமும் "இந்தப் பணம் எங்கிருந்து வந்தது" என்ற கேள்வி எழும். அதற்கான கணக்கைத் தயாராக வைத்திருங்கள்.

நண்பர் பேச்சுக்கு வந்தால், புதிதாக ஒரு சத்தியம் கேட்காதீர்கள். எழுத்துக் கேளுங்கள். மூன்று ஆண்டு முடிவதற்குள் "இன்ன தொகை நான் தர வேண்டியிருக்கிறது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாலே போதும், அன்றிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு ஓடத் தொடங்கும். முடிந்த பிறகு என்றால் அந்த வாசகம் போதாது. "கடன் இருக்கிறது" என்பதோடு "அதைத் தருகிறேன்" என்றும் தெளிவாக எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஒப்பந்தச் சட்டம் 25-ஆவது பிரிவு காலாவதியான கடனுக்கும் அப்படி உயிர் கொடுக்கிறது.

புரோநோட்டாகவே எழுதி வாங்க முடிந்தால் இன்னும் நல்லது. தேதி, ஊர், எழுதிக் கொடுப்பவரின் பெயர், தகப்பனார் பெயர், முகவரி, தொகை எண்ணிலும் எழுத்திலும், வட்டி இருந்தால் அதன் விகிதம், "தாங்கள் கேட்கும்போது தங்களுக்கோ தங்கள் உத்தரவு பெற்றவருக்கோ தருகிறேன்" என்ற வாசகம், ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் பாதியும் தாளின் மேல் பாதியுமாக விழும் கையெழுத்து. இவ்வளவுதான். இதில் வழக்கமாக நடக்கும் தவறுகளைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவற்றில் சில திருத்தவே முடியாதவை.

ஸ்டாம்பு ஒட்டாத புரோநோட்டு முதல் தவறு. மற்றப் பல பத்திரங்களுக்கு ஸ்டாம்பு குறைந்தால் அபராதம் கட்டிச் சரிசெய்யலாம். புரோநோட்டுக்கு அந்தச் சலுகை இல்லை, அது சாட்சியமாகவே ஏற்கப்படாது. "நிலம் விற்றதும் தருகிறேன்" என்று நிபந்தனை போட்டு எழுதினால் அது புரோநோட்டே ஆகாது. "கொண்டு வருபவருக்குத் தருகிறேன்" என்று எழுதுவதை 1934-ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கிச் சட்டம் தடுக்கிறது. "உத்தரவு பெற்றவருக்கு" என்ற சொல்லை விட்டுவிட்டுச் சாட்சிக் கையெழுத்து வாங்கினால் அது கடன் பத்திரமாகிவிடும், முத்திரைக் கட்டணமும் வேறு. புரோநோட்டுக்குச் சாட்சிக் கையெழுத்து சட்டப்படி கட்டாயமில்லை. வாங்கினால் அந்த வாசகம் அவசியம் இருக்கட்டும்.

கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தந்தால், ஒவ்வொரு தடவையும் நோட்டின் பின்பக்கம் தேதியோடு வரவு எழுதி, பணம் தருகிறவரே கையெழுத்துப் போட வேண்டும். நீங்கள் எழுதி நீங்களே கையெழுத்துப் போட்ட வரவு காலக்கெடுவை நீட்டிக்காது.

கேள்வி: என் கணவர் தினமும் குடிப்பவர். எங்கள் ஐந்து வயது மகள் தலையில் அடித்து "இனி தொட மாட்டேன்" என்று மூன்று முறை சத்தியம் செய்துவிட்டார். ஒவ்வொரு முறையும் பத்து நாள்கூடத் தாங்கவில்லை. போன வாரம் குழந்தைக்குக் காய்ச்சல். "சத்தியத்தை மீறினதுதான் காரணம்" என்று மாமியார் சொல்கிறார். குழந்தையும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். என்ன செய்வது? (பெயர் வேண்டாம், திண்டுக்கல்)

பதில்: முதலில் குழந்தையைக் கவனியுங்கள், சகோதரி. ஐந்து வயதில் பெரியவர்கள் சொல்வது அப்படியே மனதில் பதியும். "அப்பா குடிச்சா எனக்கு ஏதாவது ஆயிடும்" என்று அவள் நம்பத் தொடங்கியிருப்பாள். இந்த வயதுக் குழந்தைகள் பயத்தைச் சொல்ல மாட்டார்கள். ராத்திரி அப்பா வரும்வரை தூங்காமல் கிடப்பார்கள், படுக்கையில் சிறுநீர் போவார்கள், அடிக்கடி வயிறு வலிக்கிறது என்பார்கள்.

இதைச் சரிசெய்ய வேண்டியவர் அவள் அப்பா. குடிக்காத ஒரு காலை நேரத்தில் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து இப்படிச் சொல்லட்டும்: "அப்பா உன் தலையில அடிச்சு சத்தியம் பண்ணினது தப்பு. அதனால உனக்கு எதுவும் ஆகாது. காய்ச்சல் கிருமியால வந்தது. அப்பா குடிக்கிறதும் உன்னால இல்ல. அதைச் சரிபண்ண வேண்டியது அப்பாதான்." இந்த ஐந்து விஷயங்களும் அதில் இருக்க வேண்டும். ஒரு தடவை சொன்னால் போதாது, சில நாள் கழித்து மறுபடியும் சொல்லட்டும். மாமியாரிடம் நீங்கள் வாதாட வேண்டாம். "அத்தை, காரணம் எதுவா வேணா இருக்கட்டும், பாப்பா காதுல விழுற மாதிரி மட்டும் சொல்லாதீங்க" என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சாட்சிகள் பிரமாணம் எடுப்பது பற்றிய 1969-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று உண்டு. ஒரு சாட்சி தன் சமூகத்தின் வழக்கப்படி சத்தியம் செய்ய விரும்பினால் நீதிமன்றம் அனுமதிக்கலாம் என்கிறது அது. ஆனால் அந்தச் சத்தியம் மூன்றாவது ஆளைப் பாதிப்பதாக இருக்கக் கூடாது என்று அதே இடத்தில் நிபந்தனை போடுகிறது. பிள்ளை தலையில் அடித்துச் செய்யும் சத்தியம் இந்த நிபந்தனையில் அடிபட்டுப்போகும். கோர்ட்டே ஏற்காத ஒன்றை வீட்டிலும் ஏற்காதீர்கள்.

அடுத்து, உங்கள் கணவரின் உடல். தினமும் நிறையக் குடிப்பவர் "இன்றோடு சரி" என்று ஒரேயடியாக நிறுத்துவது ஆபத்து. முதல் நாளே கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். மூன்றாம் நாளை ஒட்டிச் சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாத உருவங்கள் தெரியும். அது உயிருக்கே ஆபத்தான நிலை. பலர் சத்தியத்தை இரண்டாம் நாளே மீறுவதற்கு இந்த நடுக்கமும் ஒரு காரணம், ஒரு மடக்கு உள்ளே போனால் நடுக்கம் நின்றுவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். ஆகவே நிறுத்தும் நாளை மருத்துவரைப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. போதை மீட்புக்கான தேசிய இலவச எண் 14446. மனநல உதவிக்கு 14416.

ஒரு எச்சரிக்கை: கணவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கச் சொல்லி யாராவது மாத்திரை தந்தால் வாங்காதீர்கள். அந்த வகை மருந்து உள்ளே இருக்கும்போது குடித்தால் ரத்த அழுத்தம் திடீரென இறங்கி உயிரே போகலாம். தெரிந்து, சம்மதித்து, மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே அதை எடுக்க வேண்டும்.

வாக்கு வாங்கவே கூடாதா என்றால், வாங்கலாம். ஆனால் அது செய்து காட்டக்கூடியதாக இருக்க வேண்டும். "வாழ்நாள் முழுக்கத் தொட மாட்டேன்" என்பதை இன்று யாராலும் சரிபார்க்க முடியாது. "இந்தச் செவ்வாய்க்கிழமை 9 மணிக்கு உன்னோடு ஆஸ்பத்திரிக்கு வருகிறேன்", "சம்பள நாளில் பணத்தை உன் கணக்கில் போட்டுவிட்டு நேராக வீட்டுக்கு வருகிறேன்", "மாத்திரையை உன் எதிரில் போட்டுக்கொள்கிறேன்" என்பவற்றைச் சரிபார்க்கலாம். தடுமாறிய மறுநாள் என்ன செய்வது என்பதையும் இப்போதே பேசி வையுங்கள். காலையில் அவரே மருத்துவமனைக்குப் போன் செய்ய வேண்டும் என்பது போல ஒன்று. ஒரு நாள் தவறினால் "சத்தியமே போச்சு, இனி என்ன" என்று மொத்தமாகக் குடிக்கத் தொடங்குவதை இது தடுக்கும்.

கேள்வி: அடுத்த மாதம் ஒரு விபத்து வழக்கில் சாட்சி சொல்லப் போகிறேன். எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. கடவுள் பெயரால் பிரமாணம் எடுக்காவிட்டால் என் சாட்சியத்துக்கு மதிப்புக் குறையுமா? (வாசகர், திருச்சி)

பதில்: குறையாது. மேலே சொன்ன 1969-ஆம் ஆண்டின் சட்டமே கடவுள் பெயரால் ஆணையிடவும், அதற்குப் பதில் உளமார உறுதி கூறவும் வழி தருகிறது. காரணம் சொல்லத் தேவையில்லை. கூண்டில் ஏறியதும் நீதிமன்ற ஊழியர் வாசகத்தைச் சொல்லத் தொடங்கும் முன், "நான் உறுதிமொழி எடுத்துக்கொள்கிறேன்" என்று சொல்லுங்கள். இது புதிய சலுகையும் இல்லை. 1840-இலேயே இங்கே இந்துக்களும் முஸ்லிம்களும் ஆணையிடுவதற்குப் பதில் உறுதி கூறும்படி சட்டம் வந்தது.

இரண்டுக்கும் பொறுப்பு ஒன்றே. தெரிந்தே பொய் சொன்னால், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 229-ஆவது பிரிவின்படி 7 ஆண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. இரண்டில் எதையும் எடுக்க மாட்டேன் என்று மறுப்பதும் குற்றம்தான், 6 மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு மட்டும் விலக்கு இருக்கிறது. உண்மை சொல்ல வேண்டும் என்பது புரிந்து, பிரமாணம் என்றால் என்ன என்பது புரியாத குழந்தை என்று நீதிபதி கருதினால், பிரமாணம் இல்லாமலே அதன் சாட்சியத்தைப் பதிவு செய்யலாம்.

உறுதிமொழி எடுத்தபின் சாட்சிகள் தடுமாறுவது பெரும்பாலும் பொய்யில் அல்ல, ஊகத்தில். வண்டி என்ன வேகத்தில் வந்தது என்று கேட்டால், பார்க்காமலே "80, 90 இருக்கும்" என்று சொல்லிவிடுகிறார்கள். குறுக்கு விசாரணையில் அந்த ஓர் எண்ணை வைத்தே மொத்தச் சாட்சியத்தையும் உடைப்பார்கள். "கவனிக்கவில்லை", "நினைவில்லை" என்பதும் உண்மையான பதில்தான்.

கேள்வி: எங்கள் ஊர்ப் பள்ளி ஆண்டு விழாவில், புதிய வகுப்பறைக்கு 50,000 ரூபாய் தருவதாக மேடையில் அறிவித்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். அதன்பின் தொழிலில் நட்டம். தராவிட்டால் சட்டப்படி என்னைக் கேட்க முடியுமா? (வாசகர், விருதுநகர்)

பதில்: இதே கேள்வியில் நம் நாட்டு நீதிமன்றங்கள் இருவேறு முடிவு சொல்லியிருக்கின்றன, இரண்டும் சரியானவை. ஹவுரா நகர மண்டபம் கட்ட 100 ரூபாய் தருவதாக ஒருவர் கையெழுத்துப் போட்டார். அப்படிச் சேர்ந்த வாக்குகளை நம்பி நிர்வாகிகள் கட்டட ஒப்பந்தக்காரரிடம் வேலையை ஒப்படைத்துவிட்டார்கள். அவர் பணம் தந்தே ஆக வேண்டும் என்று 1886-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1914-இல் அலகாபாத் உயர் நீதிமன்றத்துக்கு வந்த வழக்கில், பள்ளிவாசலைப் பழுதுபார்க்க 500 ரூபாய் தருவதாக ஒருவர் சொல்லியிருந்தார். ஆனால் அதை நம்பி யாரும் எந்த வேலையையும் தொடங்கவில்லை. அந்தப் பணத்தை வசூலிக்க முடியாது என்று தீர்ப்பானது.

ஆக, கைதட்டல் எவ்வளவு என்பது கணக்கே இல்லை. உங்கள் சொல்லை நம்பி அவர்கள் என்ன செய்துவிட்டார்கள் என்பதுதான் கணக்கு. இன்றே பள்ளி மேலாண்மைக் குழுவிடம் போய் கேளுங்கள். கொத்தனாரிடம் பேசி முன்பணம் கொடுத்துவிட்டார்களா, செங்கல், கம்பி இறங்கிவிட்டதா? இறங்கியிருந்தால் நீங்கள் கொடுக்கத்தான் வேண்டும், தவணையாகவாவது. எந்த மாதம் எவ்வளவு என்று எழுதிக் கொடுங்கள். இன்னும் எதுவும் தொடங்கவில்லை என்றால், "என்னால் இப்போது 10,000தான் முடியும்" என்று எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். அவர்கள் வேறு ஆளைத் தேடிக்கொள்வார்கள். மௌனமாக இருப்பதுதான் மோசம். நீங்கள் வாய் திறக்காத ஒவ்வொரு வாரமும் அவர்கள் உங்கள் தொகையையும் சேர்த்துத்தான் திட்டம் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

கேள்வி: "சும்மா ஒரு பார்மாலிட்டிக்கு" என்று சொல்லி மச்சான் வங்கிக் கடனுக்கு என்னிடம் ஜாமீன் கையெழுத்து வாங்கினார். அவர் தவணை கட்டவில்லை. வங்கி எனக்கு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. முதலில் அவரிடம்தானே கேட்க வேண்டும்? (வாசகர், சேலம்)

பதில்: கட்டாயமில்லை. ஒப்பந்தச் சட்டம் 128-ஆவது பிரிவின்படி, பத்திரத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, கடன் வாங்கியவருக்கு உள்ள பொறுப்பு முழுவதும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. அவரை விட்டுவிட்டு நேராக உங்களிடமே வசூலிக்க வங்கிக்கு உரிமை இருக்கிறது. "அவர் கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன்" என்று நீங்கள் கொடுத்த வாக்கை நம்பித்தான் வங்கி பணத்தைக் கொடுத்தது. ஜாமீன் வாய்மொழியாகக் கொடுத்தாலும் நம் சட்டப்படி செல்லும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

நோட்டீஸுக்குப் பதில் அனுப்புமுன் ஜாமீன் பத்திரத்தின் நகலையும் கடன் கணக்கு அறிக்கையையும் வங்கியிடம் எழுதிக் கேட்டு வாங்குங்கள். உங்கள் சம்மதம் இல்லாமல் கடன் தொகையையோ வட்டியையோ தவணையையோ பின்னால் மாற்றியிருந்தால், மாற்றத்துக்குப் பிந்தைய பொறுப்பிலிருந்து விடுபட வழி இருக்கிறது. ஆனால் பல வங்கிகளின் அச்சிட்ட படிவத்திலேயே "மாற்றங்களுக்கு முன்கூட்டியே சம்மதிக்கிறேன்" என்ற வரி இருக்கும். அதை ஒரு வழக்கறிஞர் படித்துச் சொல்லட்டும். நீங்கள் கட்ட நேர்ந்தால் ரசீதை உங்கள் பெயரில் வாங்குங்கள். கட்டிய தொகையை மச்சானிடமிருந்து வசூலிக்கவும், அவர் வங்கியில் அடமானம் வைத்தவற்றின் மேல் வங்கிக்கு இருந்த உரிமையைப் பெறவும் சட்டம் உங்களுக்கு இடம் தருகிறது.

கேள்வி: திருமணம் செய்துகொள்வதாக வாக்குக் கொடுத்து மூன்று ஆண்டு பழகியவர், இப்போது வீட்டில் சம்மதிக்கவில்லை என்று விலகிவிட்டார். இது குற்றமா? (வாசகி, ஊர் வேண்டாம்)

பதில்: வாக்குக் கொடுத்த நேரத்தில் அவர் மனதில் என்ன இருந்தது என்பதைப் பொறுத்தது. மணக்கும் எண்ணமே இல்லாமல் வாக்குக் கொடுத்து உடலுறவு கொண்டிருந்தால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா 69-ஆவது பிரிவின்படி 10 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். உண்மையாகவே மணக்க எண்ணியிருந்து, பின்னால் நிறைவேற்ற முடியாமல் போனது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாகக் கொள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஏற்கெனவே மணமானதை மறைத்தது, அதே காலத்தில் வேறு இடத்தில் நிச்சயம் செய்துகொண்டது போன்றவை தொடக்கத்திலேயே எண்ணம் இல்லை என்பதைக் காட்ட உதவும். தேதி வாரியாக நடந்ததை எழுதி வையுங்கள், செய்திகளை அழிக்காதீர்கள். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக் குழுவை அணுகுங்கள், அல்லது 15100 என்ற எண்ணில் கூப்பிடுங்கள். மனம் தாங்காத நேரத்தில் 181 மகளிர் உதவி எண்ணிலும் பேசலாம், தனியாக வைத்துப் புழுங்க வேண்டாம்.

கேள்வி: நான் பிரசவத்தில் பிழைத்தால் தீ மிதிப்பேன் என்று எனக்காக மாமியார் வேண்டிக்கொண்டார். இப்போது நான்தான் மிதிக்க வேண்டும் என்கிறார். (வாசகி, மேலூர்)

பதில்: அவர் வேண்டிக்கொண்டது அன்பினால். ஆனால் ஒருவர் கொடுத்த வாக்கு, கேட்காமலே இன்னொருவரைக் கட்டுப்படுத்தாது. பிரசவம் ஆகி உடம்பு தேறாத நிலையில் தீ மிதிப்பது கூடவே கூடாது. "உங்க வேண்டுதல் நிறைவேற நான் கோயிலுக்கு வந்து பக்கத்துல நிக்கிறேன் அத்தை, ஆனா மிதிக்க மாட்டேன்" என்று சொல்லுங்கள். அவருக்கும் முடியாத வயது என்றால், காணிக்கையாகவோ அன்னதானமாகவோ மாற்றிக்கொள்ளலாமா என்று கோயில் பூசாரியிடம் அவரையே கேட்கச் சொல்லுங்கள். உங்கள் வாயால் கேட்பதைவிட அது அவருக்கு ஆறுதலாக இருக்கும்.

கேள்வி: அம்மா சாகும் தறுவாயில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பியை யார்கிட்டயும் விடாதே, உன் வீட்டிலேயே வச்சுக்கோ" என்றார். சத்தியம் செய்து கொடுத்தேன். தம்பிக்கு 34 வயது, அறிவுசார் குறைபாடு உண்டு. ஒன்பது ஆண்டுகளாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை ஆக வேண்டும், அவனைத் தூக்கி உட்கார வைக்க முடியவில்லை. பகல்நேரப் பராமரிப்பு மையத்தில் விடலாம் என்கிறார்கள். அம்மாவுக்குக் கொடுத்த வாக்கை மீறுகிறேனோ என்று தூக்கம் வரவில்லை. (வாசகி, கும்பகோணம்)

பதில்: உயிரோடு இருப்பவருக்குக் கொடுத்த வாக்கென்றால் நிலைமையைச் சொல்லி மாற்றிக் கேட்கலாம். அம்மாவிடம் கேட்க முடியாது என்பதால்தான் இது இவ்வளவு அழுத்துகிறது. அப்படிப்பட்ட வாக்கில், அவர் எதற்குப் பயந்து அதைக் கேட்டார் என்று பார்க்க வேண்டும். தம்பி பட்டினி கிடப்பானோ, அடிபடுவானோ, யாரும் இல்லாமல் போவானோ என்பதே அந்தத் தாயின் பயம். "வீட்டிலேயே வச்சுக்கோ" என்பது அதற்கு அன்று அவருக்குத் தெரிந்த ஒரே வழி. நீங்கள் விழுந்து எழ முடியாமல் போனால் அவர் பயந்தது எல்லாம் நடந்துவிடும். பகலில் மையத்துக்குப் போய்விட்டு மாலையில் வீட்டுக்கு வரும் தம்பி இன்னும் உங்களோடுதான் இருக்கிறார். இதில் வாக்கு மீறல் எதுவும் இல்லை, அம்மா.

மையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது முன்னறிவிப்பு இல்லாமல் மதிய வேளையில் போய்ப் பாருங்கள். கழிப்பறைக்கு யார் கூட்டிப்போகிறார்கள், மாத்திரை கொடுப்பதை எங்கே எழுதுகிறார்கள், ஓர் ஊழியருக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். முதல் வாரம் தினமும் இரண்டு மணி நேரம் மட்டும், நீங்களும் கூடவே இருந்து விடுங்கள். பழகிய போர்வை, தட்டு, டம்ளரைக் கொடுத்தனுப்புங்கள். அறுவைச் சிகிச்சைக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்னதாகவே இதைத் தொடங்குங்கள், இரண்டு மாற்றமும் ஒரே நேரத்தில் வந்தால் அவர் மிரண்டுவிடுவார்.

இன்னொரு வேலை இதைவிட முக்கியம். உங்களுக்குப் பிறகு யார் என்பதை இப்போதே எழுத்தில் கொண்டுவாருங்கள். 18 வயது தாண்டியவருக்கு உடன்பிறந்தவர் தானாகச் சட்டப் பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்காக 1999-இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் நிலைக் குழு பாதுகாவலரை நியமிக்கிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பம் பற்றிக் கேளுங்கள். தம்பியின் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, ஆதார், பிறந்த தேதிச் சான்று, பெற்றோரின் இறப்புச் சான்றுகள், உங்கள் இருவரின் புகைப்படம், வாரிசுச் சான்று, உடன்பிறந்தவர்கள் வேறு யாராவது இருந்தால் அவர்களின் சம்மதக் கடிதம் ஆகியவற்றை எடுத்துப் போங்கள். பராமரிப்பு உதவித்தொகைக்கும், ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு தரும் நிராமயா காப்பீட்டுக்கும் அங்கேயே வழி கேட்கலாம்.

நியமன ஆணை கிடைத்ததும், ஆறு மாதத்துக்குள் தம்பியின் சொத்து, நகை, வங்கி இருப்பு எல்லாவற்றுக்கும் பட்டியல் கொடுக்க வேண்டும். அதன்பின் ஒவ்வொரு நிதியாண்டு முடிந்து மூன்று மாதத்துக்குள் கணக்குக் கொடுக்க வேண்டும். அம்மா அவருக்கென்று வைத்துப்போன பணம் உங்கள் கணக்கில் கலந்திருந்தால், இப்போதே தம்பி பெயரில் தனிக் கணக்குத் தொடங்கி மாற்றிவிடுங்கள். அந்தப் பட்டியல் எழுதும்போது பெரும்பாலோர் திணறுவது இந்த இடத்தில்தான்.